வகுப்புக்கெல்லாம் ஒரே மாதிரிக் கடவுச்சொல்

மணவாளக்குறிச்சிக்கு அருகே ஒரு கடலோரப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பினரின் கல்லூரி விண்ணப்பங்களை இணையத்தில் பதியும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாணவர் மறந்துவிடுவர் என்றஞ்சி, ஊர்ப் பாதுகாவலராகிய புனிதரின் பெயரோடு அவரவர் வருகைப்பதிவு எண்ணைச் சேர்த்து, எல்லார்க்கும் நானே கடவுச்சொல் அமைத்தேன்.

விண்ணப்பத்தின் இறுதி நாள் காலையில் ஜெனிஷா என்னும் மாணவி அழுதுகொண்டே தாயுடன் வந்தாள். செவிலியர் படிப்புக்கு அவள் அனுப்பிய விண்ணப்பத்தை யாரோ உட்புகுந்து நீக்கிவிட்டிருந்தனர்.

"கடவுச்சொல்லை யாரிடம் உளறினாய்?" என்று வகுப்பார் முன்னிலையில் கடிந்தேன்.

மீன் விற்கும் அத்தாய் வெகுண்டார். "சாரே, ஊருக்கெல்லாம் ஒரே சாவியக் குடுத்தது நீரு. களவு போனதுக்கு எம் பிள்ளையவா ஏசுதீரு? பக்கத்துல இருக்கவளுக்கு இவ நம்பரு தெரியாதா? படிச்ச மனுசனுக்கு இந்தப் புத்தி கூடவா இல்ல?"

அன்று மாலைவரை காலம் இருந்தமையால் மட்டுமே அவள் படிப்பு தப்பியது. மீண்டும் விண்ணப்பிக்கையில், புதிய கடவுச்சொல்லை நான் தட்டச்சிட முனைந்தேன். ஜெனிஷா விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க அங்கோட்டுத் திரும்பி நில்லுங்க, சார்."

வகுப்பார் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இப்போது மாணவர்கள் தொடர்பற்ற நான்கு சொற்களைத் தாமே கோத்துக் கடவுச்சொல் அமைத்து, அதை வீட்டில் மட்டும் எழுதி வைக்கின்றனர். அவர்கள் தட்டச்சிட்டு முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்தே நிற்கிறேன்.