பென்னாகரத்தில் செத்த கௌபாய்

நஞ்சப்பன் எதையும் ஒரே தடவையில் நம்புகிற ஆள் இல்லை. பென்னாகரம் ரோட்டு லாரி எடை மேடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தொழில் கொடுத்த குணம். புளி லோடு வந்து நின்றால், கம்ப்யூட்டரில் எடை விழுந்த பிறகும் எழுந்து போய் கேபினுக்குள் எட்டிப் பார்ப்பார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போர்வைக்குள் ரெண்டு பேர் படுத்திருப்பார்கள். லோடு இறக்கிக் காலி வண்டி திரும்பும்போது அவர்கள் டீக்கடையில் நிற்பார்கள். அவர்கள் எடையும் புளியாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

"எறங்குங்க சாமி, மூட்டையாட்டம் படுத்துக் கெடக்கறீங்க" என்பார்.

அதனால் வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால், "நஞ்சப்பன் எடைச் சீட்டைக் காட்டு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் சொன்னால் சொன்னதுதான். வேறு சொத்து என்று அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்தப் பெயருக்குத்தான் போன தை மாதம் பங்கம் வந்தது. ஒரு கௌபாய் படத்தால் வந்தது.

எண்பத்தெட்டில், இருபது வயதில், பென்னாகரத்துத் தியேட்டரில் அவர் பார்த்த இத்தாலியப் படம் அது. நோட்டீஸில் 'சாவுப் பள்ளத்தாக்கின் சண்டியர்' என்று தமிழில் ஒரு பேர் போட்டிருந்தார்கள். கதாநாயகன் ரெக்ஸ் ஹாலன். அதற்கு முன்னும் பின்னும் அந்த ஆளை யாரும் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. நஞ்சப்பன் நான்கு தடவை பார்த்தார். நான்கு தடவையும் கடைசியில் மணிக்கூண்டுக்குக் கீழே ரெக்ஸ் ஹாலன் குண்டடிபட்டு விழுந்து, தொப்பி ஆற்றில் மிதந்து போனபோது அழுதார்.

'தொப்பியும் தூசியும்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பழைய கௌபாய் படப் பைத்தியங்கள் முப்பத்தோரு பேர். அதில் இந்தச் சாவைப் பற்றி நஞ்சப்பன் எழுதும்போதெல்லாம் பாலக்கோட்டில் டயர் கடை வைத்திருக்கும் மாதவராஜ் குறுக்கே விழுவார். அவரும் அதே மாதம், அதே படத்தைப் பாலக்கோட்டில் பார்த்தவர்.

"யோவ் நஞ்சப்பா, அந்தாளு சாவவே இல்லய்யா. குதிர மேல ஏறிப் போயிட்டான். நீ பாதிப் படத்துல தூங்கிட்டு வூட்டுக்குப் போய்க் கனவு கண்டிருக்கற."

"நாலு தடவையும் ஒரே கனவா வரும், டயரு?"

ரெண்டு வருஷம் இப்படியே ஓடியது. தை மாதம் குழுவில் கலைவாணன் சேர்ந்தான். அரூர்ப் பக்கத்துப் பையன், இத்தாலியில் இன்ஜினியர். வந்த மூன்றாம் நாளே முழுப் படத்தையும் எங்கிருந்தோ தேடி எடுத்துப் போட்டான். ரெக்ஸ் ஹாலனின் உண்மைப் பேர் ஆல்தோ பெரினெல்லியாம். அமெரிக்கப் படம் என்று ஜனங்கள் நம்பட்டும் என்று பேரை மாற்றியிருக்கிறார்கள். சொந்தப் பேரையே மறைத்தவன் என்றதும் நஞ்சப்பனுக்குச் சுருக்கென்றது. அதைவிட, படத்தின் முடிவு. ஆள் சாகவில்லை. குதிரை ஏறிப் போய்விட்டான்.

குழுவில் அன்றைக்கு நஞ்சப்பனைத் துவைத்துக் காயப்போட்டார்கள். "எடை மேடையும் இந்த லட்சணம்தானா?" என்று மாதவராஜ் கேட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு புளி வியாபாரி சிரித்துக்கொண்டே, "அண்ணா, எடைய நல்லாப் பாத்தீங்களா, கனவு கினவு இல்லியே?" என்றான். விளையாட்டுத்தான். ஆனால் அப்படி ஒரு விளையாட்டை இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவரிடம் விளையாடியதில்லை.

யார் இந்தக் கலைவாணன்? எதற்கு வந்தான்? முடிவை வெட்டி ஒட்டிப் போட்டிருப்பானோ? எதுவும் செய்யக்கூடிய காலம்தானே இது.

பத்து நாள் கழித்துக் கலைவாணனே கூப்பிட்டான்.

"அண்ணா, ஆல்தோவோட பொண்ணைத் தேடிப் பிடிச்சுட்டேன். அவர் இறந்து அஞ்சு வருஷம் ஆச்சு. 'அந்தப் படத்துல நான் செத்துப்போற சீன்ல நடிச்சேன், படத்து முதலாளி வெட்டிட்டான்'னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாராம். வீட்டுல யாரும் நம்பலையாம். நீங்க பாத்தது அதுவாத்தான் இருக்கும்ணா! அந்த அம்மா போன்ல அழுதுட்டாங்க. அவரைப் பத்தி நான் எழுதற கட்டுரைல உங்க சாட்சியத்தைப் போடப்போறேன். ஒரு சம்மதம் மட்டும் சொல்லுங்க."

குழு தலைகீழானது. "நஞ்சப்பண்ணா வாழ்க!" என்று படம் படமாக வந்து விழுந்தது. மாதவராஜ் பஸ் ஏறி வந்து, எடை மேடை ஓரத்தில் டீ வாங்கிக் கொடுத்து, "நான் சொன்னத மனசுல வெச்சுக்காதய்யா" என்றார்.

நஞ்சப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். எல்லாம் இவ்வளவு சரியாகப் பொருந்துகிற வண்டியைத்தான் அவர் ரெண்டாம் தடவை சுற்றி வந்து பார்ப்பார். அந்தப் பெண்ணையும் கலைவாணனையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் படத்தை நோட்டும் கையுமாக உட்கார்ந்து பார்த்தார். படம் பூராவும் ரெக்ஸ் ஹாலன் இடது கையால் சுடுகிறான். தன் ஞாபகத்தில் செத்தவனோ வலது கையில் துப்பாக்கியோடு விழுந்தான். அது எண்பத்தெட்டிலேயே கண்ணில் பட்டதுதான். இடது கையில் அடிபட்டிருக்கும் என்று அப்போது தானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கலுக்குப் பஸ் ஏறினார். பென்னாகரத்துத் தியேட்டரில் அப்போது ஆபரேட்டராக இருந்த தீர்த்தகிரி அங்கே மீன் வறுவல் கடை போட்டிருந்தார். கையில் நோட்டோடு வந்து நின்ற ஆளைப் பார்த்ததும் எண்ணெய்ச் சட்டியை மூடினார்.

"எந்த டிபார்ட்மெண்டுங்க? எண்ணெய் காலைலதான் மாத்தனது."

"எண்ணெய் சமாச்சாரம் இல்லீங்ணா. எண்பத்தெட்டுல ஓட்டுன ஒரு படம்."

"அதுக்கு இப்ப கேசு போட்டிருக்காங்களா?"

கேசெல்லாம் இல்லை என்று நம்பவைக்க ரெண்டு தட்டு மீன் தின்ன வேண்டியிருந்தது. அப்புறம்தான் தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே படப் பொட்டிதான் அப்ப. பாலக்கோட்டுக்கும் நமக்கும் சேத்து. அங்க ஓடி முடிஞ்ச ரீலு பஸ்ஸுல இங்க வரும். மொத நாளே ரெண்டு மொதலாளிக்கும் சண்ட. கடைசி ரீல குடுக்க மாட்டேன்னு பாலக்கோட்டான் அமுக்கிக்கிட்டான். ஜனம் டிக்கட் வாங்கி உக்காந்திருக்குது. ரூம்ல இன்னொரு குதிரப் படத்து ரீலு கெடந்துச்சு. வசனமே இல்ல. காத்தும் மணிச் சத்தமுந்தான். ஓட்டிட்டேன்."

"அதுல செத்தது யாருங்ணா?"

"யாருக்குத் தெரியும்? தாடி, தொப்பி, புகை. பதினோரு நாள் ஓட்டனேன், ஒருத்தன் கேக்கல. பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டுப் போனாங்க."

"ஆம்பளைங்களும்" என்றார் நஞ்சப்பன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது. போன பெயர் திரும்பி வந்துவிட்டது. எங்கேயோ ஒரு பெண்ணுக்கு அப்பன் பொய்யன் இல்லை என்று ஆறுதல். கேபினுக்குள் வேறு ஆள் படுத்திருப்பது அவருக்கும் தீர்த்தகிரிக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போகப்போவது நஞ்சப்பன் சீட்டை.

பென்னாகரம் வருவதற்குள் நடந்ததை அப்படியே பேசிக் குழுவில் அனுப்பிவிட்டார்.

ஒருத்தரும் நம்பவில்லை. "மீன் கடைக்காரன் சொன்னான்னு மாத்திப் பேசறீங்களா?" என்றார் ஒருவர். "யாரோ உண்மைய அமுக்கறாங்க" என்றார் இன்னொருவர். மாதவராஜ் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏய்யா, உனக்குக் கிறுக்கா? நானே நீ சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டேன். இப்ப நான் ஜெயிச்சேன்னு சொல்றியா? இதுல என்ன உள்குத்து?"

"உள்குத்து ஒண்ணுமில்ல, டயரு. நீ ஜெயிச்சுட்ட."

"அப்ப கண்டிப்பா ஏதோ இருக்குது" என்று மாதவராஜ் போனை வைத்தார்.

கலைவாணன் கூப்பிட்டபோது நஞ்சப்பன் வீட்டு வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவன் குரலில் சுரத்தில்லை.

"அண்ணா, அந்த அம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது? அவங்க அப்பா சீன் எங்கேயோ ஓடுச்சுன்னு நெனச்சுட்டு இருக்காங்க. இதை விட்டுடலாமே. யார் வந்து பாக்கப்போறா?"

அதே கேள்வியைப் புளி வியாபாரிகள் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள். ஆனாலும் இந்தத் தடவை நஞ்சப்பனுக்குக் கோபம் வரவில்லை.

"எழுதிக்குங்க. கடைசி ரீலு அவங்க அப்பா இல்ல. அவரு அந்த சீன்ல நடிச்சாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது, நான் பாக்கல. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவரேதான். ஒவ்வொரு தடவையும் அவரு குதிர வரும்போது பென்னாகரமே எழுந்து நின்னு விசிலடிச்சுச்சு. அத நான் பாத்தேன், நானும் அடிச்சேன். இவ்வளவுதான் என் சாட்சி."

அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. சொன்னதுக்கு அதிகமாகவே கேட்டது போல அவருக்குப் பட்டது.

"எழுதுனதப் படிங்க" என்றார்.

கலைவாணன் படித்தான். நஞ்சப்பன் காதைப் போனோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

"இத்தாலியப் பாசைல எப்படி எழுதப்போறீங்களோ, அதையும் படிங்க."

"உங்களுக்குப் புரியாதேண்ணா."

"பரவால்ல. படிங்க" என்றார்.