வண்டியைக் கழுவும் விதி

எங்கள் ஊருக்குச் சேவா சங்கம் வந்தபோது நான் அதில் சேர்ந்தது சேவை செய்ய அல்ல. ஒரே ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான். நாங்கள் கூலிக்கு உழைத்த பண்ணையின் சொந்தக்காரர் அவர். பண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு என் அக்காவுக்குப் பிரசவ வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரி ஏழு மைல். வண்டி கேட்டுப் பண்ணாடி வாசலில் போய் விழுந்தேன்.

"உங்க சனத்த ஏத்துன வண்டியில நாளைக்கு எங்கூட்டுப் பொம்பளைக எப்படிடா உக்காருவாங்க?" என்றார்.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதி வழியில் அக்கா போய்விட்டாள்.

ராசிபுரத்து நெசவாளிகள் நாலு பேரும் ஒரு வாத்தியாரும் தொடங்கிய சங்கம் அது. வீட்டுக்கு வாரம் ஒரு பிடி கம்பு சேர்த்து விற்று, நோயாளிகளுக்கென்றே ஒரு கூண்டு வண்டியும் இரண்டு மாடுகளும் வாங்கினார்கள். எந்தச் சாதியானாலும் ஏறலாம். ஓட்டும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு விதியும் போடச் சொன்னேன். வண்டியை எடுத்த வீட்டு ஆண்பிள்ளையே மறுநாள் அதைத் தன் கையால் கழுவி, புது வைக்கோல் பரப்பி விட வேண்டும். சுத்தத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்து வாத்தியார் மெச்சிக்கொண்டார். யாருக்காகச் சொன்னேன் என்று எனக்கல்லவா தெரியும்!

நாலு வருஷம் காத்திருந்தேன். ஓர் ஐப்பசியில் பண்ணாடி வீட்டு மாடுகள் அத்தனைக்கும் கோமாரி நோய் கண்டு, வண்டியில் பூட்ட ஒன்றுகூட இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்கு வலி எடுத்தது. எங்கள் சேரிக்குள் காலே வைக்காதவர், தோள் துண்டைக் கையில் பிடித்தபடி என் வாசலில் நின்றார்.

"வண்டியப் பூட்டு சாமி. புள்ள தாங்க மாட்டா."

வயிறு குளிர்ந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன். பிறகு பூட்டினேன். மாடுகளை அப்படி விரட்டியது அந்த ஒரு நாள்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் வண்டி கழுவப் பண்ணையாளை அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். உச்சி வெயிலில் அவரே வந்தார். சேரியே கூடி நின்று பார்த்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகையில் உறைந்திருந்த ரத்தத்தைத் தேங்காய் நாரால் தேய்த்தார். குறை சொல்ல முடியாதபடிதான் கழுவினார்.

"போதுமாப்பா?"

பலகை பளிச்சென்று இருந்தது. என் அக்கா படுத்துப் போக ஒரு வண்டிப் பலகை கிடைக்கவில்லை.

"இன்னொருக்காக் கழுவுங்க, பண்ணாடி" என்றேன்.

மறுபடியும் குடத்தை எடுத்தார். வாத்தியார் பிற்பாடு என்னைக் கண்டித்தார். இன்றுவரை நான் அதற்காக வருத்தப்படவில்லை.