சோடியம் ஏறிய வயல்: ஒலுவிலில் ஒரு பகல்

தை மாதத்து மழை மூட்டம். முந்தின இரவு தங்கிய கல்முனையில் காலை ஏழு மணிக்கு அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்து ஒலுவில் சந்தியில் இறங்கியபோது பசீலா மோட்டார் சைக்கிளோடு நின்றாள். பல்கலைக்கழகத்தில் என்னோடு தாவரவியல் படித்தவள்; நான் இப்போது பதுளையில் டீச்சர். கடல் கரையை அரித்து, உப்புநீர் வாய்க்காலுக்குள் ஏறிய பிறகு அவள் கணவர் நிஸ்தார் வயலைக் கைவிட நினைத்தார். உவர் தாங்கும் நெல்லை விதைத்துப் பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றவள் இவள்தான்.

“கதிர் வந்திரிக்கி. வந்து பாரு,” என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள்.

தூரத்தில் வயல் பச்சையாகத்தான் தெரிந்தது. கிட்டப் போனால் அடி இலைகள் நுனியிலிருந்து கருகியிருந்தன.

“இது நோயில்ல,” என்றாள் பசீலா.

எனக்கும் தெரியும். வேர் முடிந்தவரை சோடியத்தை வெளியே தடுக்கும். தப்பி ஏறியதைப் பயிர் முதிர்ந்த இலைகளுக்குள் ஒதுக்கி, கலத்தின் உள்ளறையில் அடைத்துவைத்துக் குருத்தைக் காக்கும். அறை நிறைந்ததும் அந்த இலை கருகும். அடுத்த இலை சுமக்கத் தொடங்கும். வரம்போரத்தில் உமரிச்செடி மட்டும், தடித்த இலைகளில் உப்போடு நீரையும் சேர்த்துக்கொண்டு செழித்திருந்தது.

நிஸ்தார் ஒரு கதிரை உருவி என் கையில் வைத்தார். நசுக்கினேன். வெறும் சப்பி, உமிக்குள் அரிசியே இல்லை.

“நல்ல மழை பேஞ்சா உப்புக் கழுவுப்படுமா, டீச்சர்?”

“கடல் தண்ணி திரும்ப வராம இருந்தா கழுவும்.”

அவர் வாய்க்கால் பக்கம் பார்த்தார். பிறகு மனைவியிடம் கேட்டார்: “மாட்ட விடட்டா, புள்ள?”

“ஓம், விடுங்க.”

மாடுகள் பயிரை மேய இறங்கின. பசீலா வரம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

“உப்ப எப்படி ஒதுக்குதெண்டு சோதனையில எழுதின நாம. எவ்வளவு மட்டும் தாங்குமெண்டு ஆரும் கேக்கல்ல,” என்றாள்.

மாலை பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினேன். எங்கள் பக்கத்திலும் வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. இறங்கி உழுவதற்கு ஆளில்லை, பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஒலுவிலில் இரண்டு பேரும் வயலை விட்டு எங்கும் போகவில்லை. நான் புறப்படும்போதும் நிஸ்தார் கடல்நீர் ஏறாதபடி வாய்க்கால் வாயில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.