சாயங்கால பஸ்ஸும் முதல் பக்கமும்

எங்கள் தொழிலில் சரக்கு கிடையாது, தராசு கிடையாது. "இங்கே ஒரு கடை இருக்கிறது" என்று ஊருக்குச் சொல்வதுதான் தொழில், அதையும் ஊர் கேட்டால்தான் சொல்ல முடியும். செங்கத்தில் உரக்கடை மாடியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வசந்தி என்கிற நான். யாராவது நெட்டில் எதையாவது தேடினால் உங்கள் வெப்சைட்டை முதல் பக்கத்தில் வரவைப்பது என் வேலை. வெப்சைட்டை ஆரம்பித்துவிட்டு, இலை போட்டு விருந்தாளிக்குக் காத்திருப்பவர் மாதிரி போனையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும்!

இதில் முக்கால்வாசி குமரேசன் கதை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு, அதிலும் அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும். போதும்டா சாமி என்று வேலையை விட்டுவிட்டு, ஜவ்வாது மலையில் தன் சாமைக் கொல்லை ஓரமாக, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ரெண்டு ரூம் கட்டினார். அவர் மச்சான் மட்டும் ஆடி மாசம் வரைக்கும் கம்பெனியில் அவர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தான். ஆடிக்குள் ரூமுக்கு ஆள் வரவில்லை என்றால் மறுபடி ஆம்பூர். முதல்முதலாக என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோது அவர் சொன்னது இதுதான்: "மத்த புள்ளைங்க அப்பனைப் பாத்தா 'எங்க போற'ன்னு கேக்குது. என் பொண்ணு 'எப்ப வந்த'ன்னு கேக்குது மேடம்."

நாற்பத்தோரு பேர்

வெப்சைட் போட்ட மறுவாரமே போன். "மேடம், தேடிப் பாத்தேன், நாமதான் ஃபர்ஸ்ட்டு!" என்று கத்துகிறார். நான் என் கம்ப்யூட்டரில் தேடினேன். ஆறாவது பக்கம் வரைக்கும் ஆளைக் காணோம். ஆனால் ஒரே நாளில் நாற்பத்தோரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்திருப்பதாகக் காட்டுகிறது. அட, நம்ம கைராசி பரவாயில்லையே என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. நேரில் பார்த்துப் பாராட்டலாமே என்று மலைக்குப் போனேன்.

அந்த ஊரில் சிக்னல் கிடைப்பது ஆட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு பாறை மேல்தான். மனுஷன் அங்கே உட்கார்ந்து தன் ரூமைத் தானே தேடி, தானே திறந்து, தானே சிரித்துக்கொண்டிருந்தார். நாம் எதை ஓயாமல் பார்க்கிறோமோ, நம்ம போன் அதையே தூக்கி முன்னால் வைக்கும். உங்கள் போன் உங்களுக்கு ஜால்ரா போடும், நம்பாதீர்கள். வேறு யார் போனிலாவது தேடிப் பாருங்கள். இதை நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி திலகா மோர் கொண்டுவந்தாள். "அந்த நாப்பத்தோரு பேரும் இந்த ஆளுதான்க்கா. ஆட்டுக்குத் தண்ணி கூட காட்டாம பாறை மேலயே குந்திக்கினு இருக்காரு."

நூற்றியெட்டு

தேடுகிறவர்கள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவார்களோ, அந்த வார்த்தை நம்ம பக்கத்தில் இருக்கவேண்டும். 'ஜவ்வாது மலையில் தங்கும் இடம்' என்று தலைப்பில் ஒரு தடவை, உள்ளே ரெண்டு தடவை போடுங்கள் என்றேன். "நெறைய போட்டா நல்லதா மேடம்?" என்று கேட்டார். நான் வேறொரு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் "ஆமா ஆமா" என்றேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

ரெண்டு நாள் கழித்துப் பக்கத்தைத் திறந்தால் மேலே பிள்ளையார் சுழி. கீழே, ஸ்ரீராமஜெயம் நோட்டு மாதிரி, 'ஜவ்வாது மலையில் தங்கும் இடம்' என்று நம்பர் போட்டு நூற்றியெட்டு தடவை. தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒரே பேச்சை நூறு தடவை சொல்கிறவனைக் கண்டால் நாம் எப்படி ஓடுவோமோ, அப்படித்தான் தேடுகிற பெட்டியும் ஓடும், இதெல்லாம் ஏமாற்று வேலை என்று நம்மைக் கடைசியில் தள்ளிவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன். ரொம்ப பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். "தப்புதான் மேடம். நூத்தியெட்டு பத்தல. ஆயிரத்தெட்டா எழுதிடறேன்."

பூசணிக்காய்

நடுவில் கண்ணமங்கலத்துப் பந்தல் காண்ட்ராக்டர் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவருடைய வெப்சைட்டை நாலே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லார் கண்ணும் தன் மேல் பட்டு, முட்டிவலி வந்துவிட்டதாம். வாசலில் கட்டுகிற பூசணிக்காயை, மீசையும் நாக்கும் வரைந்து, போட்டோ எடுத்து அவரே வெப்சைட்டில் ஏற்றியிருந்தார். எப்பேர்ப்பட்ட போட்டோ! கல்யாண பேனர் அடிக்கிற சைஸ்.

பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. மேலே மீசை வரும், அப்புறம் ஒரு கண் வரும், நாக்கு வருவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். பெரிய படம் போட்டால் பக்கம் மெதுவாகத்தான் திறக்கும், வருகிறவன் காத்திருக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுவான், படத்தைச் சுருக்கித்தான் போடவேண்டும் என்று கெஞ்சினேன். மனுஷன் அசையவில்லை. "லேட்டானா நல்லதுதான மேடம்? பக்கம் தொறக்கறதுக்குள்ள அவன் திருஷ்டி கழிஞ்சிடும்."

ஊர் கொடுத்த ஸ்டார்

வைகாசி பிறந்தும் குமரேசன் ரூமுக்கு ஒரு ஆள் வரவில்லை. ஆடிக்கு ரெண்டு மாசம் கூட இல்லை. தங்கிப்போனவர்கள் நாலு நல்ல வார்த்தை எழுதினால் உதவும் என்று சொல்லியிருந்தேன். தங்கிப்போனவர்கள் என்று சொன்னேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் ஊரையே பாறை மேல் ஏற்றிவிட்டார்.

எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்! 'குமரேசன் நல்லவன். குடிக்க மாட்டான். தம்பிதான் சரியில்லை.' 'நான் இங்கே தங்கியதில்லை. எனக்கு இதே ஊரில் வீடு இருக்கிறது.' 'ரூம் நன்றாக உள்ளது. வரப்பு எங்களுடையது.' எல்லாவற்றுக்கும் மேலே, அவர் சொந்தப் பெரியப்பா ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டு, அஞ்சு ஸ்டார்தான் உசத்தி என்று பெரியப்பாவுக்குப் போனில் பாடம் எடுத்தேன். அவருக்கு வந்ததே கோபம். "அஞ்சாவதா வர்றதுக்காம்மா புள்ள இவ்ளோ கஷ்டப்படறான்? எங்க வூட்டுப் புள்ளைக்கு நான் ஃபர்ஸ்ட் ரேங்க்தான் குடுப்பேன்."

உள்ளதைச் சொல்

கடைசி வித்தை ஒன்றுதான் பாக்கி இருந்தது. வருகிறவர்கள் என்னென்ன கேட்பார்களோ, அதையெல்லாம் கேள்வி பதிலாக எழுதுங்கள், பொய் மட்டும் வேண்டாம் என்றேன். எழுதினார். 'பார்க்க என்ன இருக்கிறது? மரம்.' 'அருவியில் தண்ணீர் வருமா? மழை பெய்தால் வரும்.' 'பஸ் எப்போது? காலையில் ஒன்று. சாயங்காலம் ஒன்று. சாயங்கால பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. தெரிந்துகொள்ள எனக்கு போன் செய்யுங்கள்.'

படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் மூணே வாரத்தில், மலைக்கு பஸ் எப்போது என்று எவன் தேடினாலும் குமரேசன்தான் முதலில் வந்தார்! வேறு ஒருத்தரும் அதை எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான் ரகசியம். போன் அடித்துத் தள்ளியது. சந்தைக்குப் போகிறவர், பொண்ணு பார்க்க வருகிறவர், பலாப்பழம் ஏற்றுகிறவர், எல்லாருக்கும் பஸ் வேண்டும். ரூம் ஒருத்தருக்கும் வேண்டாம். திலகா பாறை மேலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டு, குடையைக் கட்டிவிட்டாள். ஆனி மாசம் ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "நான் அந்த பஸ் கண்டக்டர்தாங்க பேசறேன். ட்ரைவர் கேக்கச் சொன்னாரு. இன்னிக்கி சாயங்காலம் நாங்க வர்றமா இன்னா?"

ஏழு பேர்

அன்றைக்குச் சாயங்கால பஸ் வரவில்லை. ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. காலை பஸ்ஸில் ஏறி வந்து மரம் பார்த்த ஏழு பேர் ஸ்டாப்பில் நின்று நின்று கால் கடுத்து, டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். பஸ் சமாச்சாரம் எல்லாம் குமரேசனுக்குத்தான் தெரியும் என்று டீக்கடைக்காரர் கை காட்டிவிட்டார். நடந்து வந்தார்கள், திட்டுவதற்கு. திலகா அதற்குள் சாமைச் சோறு வடித்து, கீரை கடைந்து வைத்துவிட்டாள். ரெண்டு ரூமும் நிரம்பியது. நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்ல வெட்கம் என்ன!

காலையில் பஸ் வந்தும் அவர்கள் ஏறவில்லை. ரெண்டு நாள் இருந்துவிட்டு, போனதும் எழுதினார்கள்: 'பஸ் விசாரிக்கப் போனோம். சோறு போட்டார்கள்.' அஞ்சு ஸ்டார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அந்த பஸ் தன் குணத்தைக் காட்டியது, ரூம் நிரம்பியது. ஆடி ஒண்ணாம் தேதி மச்சான் போன் பண்ணினான், கம்பெனிக்கு எப்போது வருகிறாய் என்று. குமரேசன் பாறை மேல் எழுந்து நின்று பதில் சொன்னாராம்: "நான் எப்படிடா வர்றது? சாயங்காலம் பஸ் வரலன்னா இங்க யாரு இருப்பா?"

புது டிரைவர்

ஆவணியில் ஒரு நாள் குமரேசன் முகம் செத்துப்போய் என் ஆபீஸுக்கு வந்தார். இன்னாங்க, உடம்பு சரியில்லையா என்று பதறிவிட்டேன். பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறாராம். தங்கமான மனுஷனாம். பத்து நாளாகச் சாயங்கால பஸ் ஒரு நாள் கூடத் தவறவில்லையாம், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறதாம். திலகா தினமும் வடித்த சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாளாம். முன்னால் தங்கிப்போனவர்கள் சொல்லி ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள்தான், ஆனாலும் பயமாக இருக்கிறது என்றார். எனக்கும் பயம் வந்தது. மறுபடி ஆம்பூரா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அய்ய, அந்தப் பேச்சே இல்ல" என்று எழுந்துவிட்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, உரக்கடைக்காரர் காதில் விழாமல் குனிந்து சொன்னார். "கெளம்பறப்ப பொண்ணு 'எங்கப்பா போற'ன்னு கேட்டுச்சு மேடம். அது போதும் எனக்கு. ஆனா, என்னை முன்னாடி கொண்டாந்தீங்களே, அந்த பஸ்ஸை மட்டும் கொஞ்சம் பின்னாடி தள்ள முடியுமா?"

ஆகவே மக்களே, முதல் பக்கத்துக்கு வர எனக்குத் தெரிந்த ஒரே வழி உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான், மிச்சம் அந்த டிரைவர் எப்போது மாற்றலாகிப் போகிறார் என்பதைப் பொறுத்தது.