அம்மா எடுத்து வைத்த பென்சன்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அம்மாவிடம் வசவு வாங்கியிருப்பீர்கள். மீதிப் பேர் அம்மா கையால் சாப்பிட்டிருப்பீர்கள். இரண்டும் கிடைக்காதவர் எங்கள் சொந்தத்தில் யாரும் இருக்க முடியாது. மகள் என்ற முறையில் அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அழுகை வருமே என்று பயந்தேன். சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது. அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்.

அம்மா பிறந்தது பனவடலிசத்திரத்தில். பெண்பிள்ளைகளில் மூத்தவர். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லாததால் தட்டச்சு மட்டும் கற்றுக்கொண்டு, சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவுக்குத் திருவேங்கடம் பக்கம் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் மிளகாயும் வரும். பெய்யாவிட்டால் கோபம் வரும். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்லி உறவினர் சிலர் வந்தபோது, "நான் வேலையை விட்டா உங்க வீட்டுல இருந்து அரிசி அனுப்புவீயளா?" என்று அம்மா கேட்டார். அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் அந்தச் சம்பளத்தில்தான் நானும் தம்பியும் படித்தோம். அப்பா இதை வாய்விட்டு ஒத்துக்கொண்டதே கிடையாது. ஆனால் ஆலை பஸ் வரும் நேரத்துக்கு தெரு முக்கில் வண்டியோடு தவறாமல் நிற்பார்.

காட்டிலிருந்து எப்போது திரும்புவார் என்பது அப்பாவுக்கே தெரியாது. அதனால் யாருக்குப் பசித்தாலும், முதலில் அப்பாவுக்குரிய சோற்றை எடுத்துத் தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பரிமாறுவார் அம்மா. தம்பி ஒரு தடவை அதில் கை வைத்து வாங்கிய அடியை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

அம்மா ஓய்வு பெறும் காலம் வந்தது. ஆலையில் ஊழியர்களுக்கென்று சேர்த்திருந்த பணத்தில் ஒரு பங்கைக் கையில் வாங்கிக்கொள்ளலாம்; மீதிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மூலம் மாதா மாதம் பென்சன். அதை எப்படி வாங்குவது என்பதில் மூன்று வழிகள் இருந்தன. விளக்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரி கடகடவென்று சொல்லிவிட்டு ஃபைலை மூடப் போனார். "சார், எனக்கு ஒண்ணும் புரியலை. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் அம்மா. அவர் மறுபடி சொன்னார். "இப்பவும் புரியலை சார்." அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் தைரியம் வந்து, "எங்களுக்கும் புரியலை" என்று சொல்ல, அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டிவிட்டதாம். கடைசியில் அவருக்கு மத்தியானச் சாப்பாடும் அம்மாவின் டப்பாவிலிருந்துதான்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து அம்மா விளக்கினார். முதல் வழியில் பென்சன் கூடுதலாக வரும்; ஆனால் அம்மாவோடு அது முடிந்துவிடும். இரண்டாவது வழியில் கொஞ்சம் குறையும். அம்மாவுக்குப் பிறகு அப்பா இருக்கும்வரை அதே தொகை அவருக்கு வரும். மூன்றாவதில் இன்னும் குறையும். இருவர் காலத்துக்கும் பிறகு, போட்ட பணம் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்கும். எதைத் தேர்ந்தாலும் பிறகு மாற்ற முடியாது.

மூன்றாவதுதான் நல்லது என்றான் தம்பி. அவனுக்கு மாடி கட்டும் நினைப்பு. "உனக்குக் கை காலு நல்லாத்தானலே இருக்கு?" என்றார் அம்மா. மூன்றாவது வழி அதோடு போயிற்று.

"ரெண்டாவதையே எழுதிக் குடுத்திருதேன்" என்று அம்மா சொன்னதும் அப்பா குதித்தார். "ஏளா, பொண்டாட்டி பென்சன்ல கஞ்சி குடிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா? கூடுதலா வாரதை வாங்கி நீ நல்லா இரு. நான்தான் முந்திப் போவேன். உனக்கு மூத்தவன், வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"சாவுக்கு ரேஷன் கடையில மாதிரி வரிசையா நிக்கச் சொல்லுதீய?"

யார் முந்திப் போவது என்று புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்ட வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். இரண்டாவது வழிக்கு அப்பாவின் போட்டோவும் வயதுச் சான்றும் வேண்டும். அப்பா எதற்கும் பிடிகொடுக்காமல் விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போய்விடுவார். அவை வராவிட்டால் முதல் வழிதான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். எனக்கு உள்ளூரப் பயம். அம்மா இல்லாத ஒரு காலம் வந்து, மழையும் இல்லையென்றால் அப்பா என்ன செய்வார்? பட்டினி கிடந்தாலும் கிடப்பாரே தவிர, எங்களிடம் கை நீட்ட மாட்டார்.

அந்த நேரத்தில் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. காட்டில் விளைந்ததை அம்மன் சப்பரத்தில் வீசிச் சூறைவிடுவதற்காகப் பருத்தியும் மிளகாய் வற்றலும் மடியில் கட்டிக்கொண்டு அப்பாவும் வந்தார். அம்மனைக் கும்பிட்டுவிட்டு ரத வீதியில் கூட்டத்தோடு வரும்போது அம்மா கேட்டார்: "நான் வருஷா வருஷம் இங்கன வந்து என்ன கேக்கேன் தெரியுமா?"

"தெரியும். ஊருல எல்லாப் பொம்பளையும் கேக்குததுதான். பூவும் பொட்டுமா முந்திப் போகணும்பீய."

"ஆமா. எல்லாரும் அதைத்தான் கேக்கோம். நாம போன பிறகு இந்த மனுசன் என்ன சாப்பிடுவாருன்னு எவளாவது யோசிச்சாளா? நான் யோசிச்சேன். அம்மன்கிட்ட நான் முந்திப் போறேன்னு சொல்லிட்டு, ஆபீஸர்கிட்ட இவருதான் முந்திப் போவாருன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுதீயளா? அந்தப் பொய்யை என்னால எழுத முடியாது."

பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு அப்பா என்னைப் பார்த்து, "மக்கா, போட்டோ ஸ்டூடியோ இன்னைக்குத் திறந்திருக்குமா?" என்றார். அன்று எடுத்த போட்டோவில் அப்பா யாரையோ அடிக்கக் கிளம்புகிறவர் மாதிரி இருப்பார். அம்மா அதில் ஒரு பிரதியைத் தன் பர்ஸிலேயே வைத்திருந்தார்.

பென்சன் வந்த காலம் அம்மாவுக்கு ராஜ வாழ்க்கை. சித்திகளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார், பேரப்பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். ஆலையில் யார் ஓய்வு பெற்றாலும் வீடு தேடிப் போய், "புரியலைன்னா புரியலைன்னு கேளுட்டி, வெக்கப்படாதே" என்று சொல்லிவிட்டு வருவார்.

சென்ற ஆண்டு அம்மா நோயில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக நன்றாகப் பேசிய அன்று, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீயளா, நான் சொன்னதுதான் நடக்கு" என்று சிரித்தார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன். அம்மா கேட்டபடியே, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அப்பா, தன் பேருக்குப் பென்சன் வந்து சேரும் பாங்கு இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் காட்டிலிருந்து நேரம் கழித்து வந்தவர், அடுப்படிக்குள் போய் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பியிடம், "வண்டியை எடுலே, பாங்குக்குப் போவோம்" என்றார்.

என்ன திடீரென்று என்று நான் கேட்டேன்.

"உங்கம்மா எனக்குன்னு எடுத்து மூடி வச்சிட்டுப் போயிருக்கா. சாப்பிடாம இருந்தா ஏசுவா."

அம்மாவைக் கடைசிவரை தாங்கிய டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துக் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இரவு பகல் கூட இருந்த சித்திகளுக்கும், ஆலைத் தோழிகளுக்கும், துக்கம் விசாரிக்கத் தேடி வந்த அந்த இன்சூரன்ஸ் அதிகாரிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த முதலாண்டு நினைவு நாள் சாப்பாட்டுக்கு நானும் தம்பியும் பணம் கொடுத்தோம். அப்பா வாங்க மறுத்துவிட்டார். "இன்னைக்கு எல்லாருக்கும் அவ சோறு போடுதா" என்றார். ஆகவே உறவினரும் நண்பர்களும் இலையில் மிச்சம் வைக்காமல் வயிறாரச் சாப்பிட வேண்டுகிறோம். பந்தியில் அப்பா பார்த்துக்கொண்டே வருவார்.