முன்னால் போனவள்

தேவயானிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சொல்லி இதை ஆரம்பிக்க முடியாது. இரண்டு வருஷமாக ஒரே பொய்யை, ஒரு வார்த்தை பிசகாமல், கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் போன ஜூன் மாதம் முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் நடந்ததைச் சொன்னபோது, மறைக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் நான் நம்பினேன். நேரங்களெல்லாம் அவள் கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னவை. நான் ஒன்றையும் கூட்டவில்லை.

தேவயானிக்கு நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். நிலக்கரியைச் சோதிக்கிற லேப்பில் பர்மனென்ட் வேலை. வயது முப்பத்தெட்டு. அதே லேப்பில் கான்ட்ராக்டில் இருந்தவள் வெண்மதி. மந்தாரக்குப்பத்துப் பெண், இருபத்தாறு வயது. தேவயானியைச் சைக்கிள் பக்கம் இழுத்துவிட்டதே அவள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து மணியடிப்பாள். ஆறே மாதத்தில் இருவரும் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓட்டினார்கள். அடுத்தது இருநூறு.

இங்குள்ள சைக்கிள் குழு வருஷா வருஷம் அதை நடத்துகிறது. காலை ஐந்துக்குக் கிளம்பி வடலூர், கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, முத்தாண்டிக்குப்பம் வழியாகத் திரும்பி வரவேண்டும். அதே வட்டத்தை இரண்டு முறை. மாலை ஆறரைக்குள் முடித்தால் அட்டையில் முத்திரை குத்தி மெடல் தருவார்கள். ஒரு நிமிஷம் தாண்டினாலும் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அந்த இரண்டாவது வட்டத்தில், பண்ருட்டியிலேயே தேவயானிக்குக் கால் செத்துப்போனது. அங்கிருந்து நெய்வேலி வரைக்கும் எதிர்காற்று. ஜூன் மாதத்து மேல்காற்று. அப்படிப்பட்ட காற்றில் முன்னால் ஒருவர் ஓட்டினால், அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்குக் காற்றே தெரியாது. பாதி பலம் போதும்.

"எம் பின்னாலயே ஒட்டிக்கினு வாங்கக்கா. நான் இழுத்துக்கினு போறேன்," என்றாள் வெண்மதி.

இழுத்துக்கொண்டுதான் போனாள். ஒரு முறைகூட முன்னால் வரச் சொல்லவில்லை. தேவயானியும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

முத்தாண்டிக்குப்பம் தாண்டி, இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது வெண்மதியின் சைக்கிள் தள்ளாடியது. ஓரத்துக்கு ஒதுங்கினாள். மணி 5.48.

தேவயானி அவளைத் தாண்டி வந்துவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா... ரெண்டு நிமிஷம் நில்லுங்கக்கா. தல சுத்துது."

காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. தேவயானி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு நிமிஷம் இருந்தது. நின்றால் முடிக்க முடியாது என்று நினைத்தாள்.

மிதித்தாள்.

6.21க்கு முத்திரை குத்தினார்கள். வெண்மதி எங்கே என்று கேட்டார்கள். "பின்னால வந்துட்டுதான் இருந்தா. எதிர்காத்துல ஒண்ணும் கேக்கல," என்றாள். மெடலைக் கழுத்தில் மாட்டினார்கள். ஆறரைக்குப் பிறகு போன் செய்து பார்த்தார்கள். எடுக்கவில்லை. தேடிப் போனவர்கள் 7.10க்கு ஒரு முந்திரி மரத்தடியில் அவளைக் கண்டார்கள். வெயில் தாக்கியிருந்தது. உயிர் இல்லை.

அதன் பிறகு தேவயானி சைக்கிளைத் தொடவில்லை. லேப்பில் வெண்மதி உட்கார்ந்த ஸ்டூலை யாரோ தேவயானியின் மேஜைப் பக்கம் நகர்த்திப் போட்டார்கள். ஒரு வருஷம் அதைச் சுற்றியே நடந்தாள். நகர்த்தவுமில்லை, உட்காரவுமில்லை.

போன மே மாதம் குழுவை நடத்துகிற செந்தில்நாதன் போன் செய்தார். "இந்த வருஷம் வெண்மதி நினைவா நடத்துறோம் மேடம். நீங்க வரலன்னா நல்லா இருக்காது."

வரவில்லை என்றால் காரணம் சொல்லவேண்டும். ஒப்புக்கொண்டாள். ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பழகினாள்.

அன்றைக்குப் பகல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. வெயில், தண்ணீர், வாழைப்பழம், மறுபடி வெயில். இரண்டாவது வட்டத்தில் பண்ருட்டி தாண்டும்போது கூட வந்தவர்களெல்லாம் முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவள் மட்டும் தனியாக.

5.31க்கு முத்தாண்டிக்குப்பம். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. வேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர். அதற்குமேல் ஏறவில்லை.

5.36க்குக் காற்று நின்றது.

நின்றுவிட்டது என்றுதான் நினைத்தாள். பெருமூச்சு விட்டு நிமிர்ந்தாள். இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள் அவளைப் பார்த்து வளைந்து ஆடிக்கொண்டிருந்தன. எதிரே டிவிஎஸ்ஸில் வந்த ஒருவரின் மனைவி பறக்கிற முந்தானையைப் பிடித்து இடுப்பில் செருகினாள். செம்மண் புழுதி ரோட்டின் குறுக்கே ஓடியது.

அவள் காதோரத்து முடி மட்டும் அசையவில்லை.

கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. மறுபடி இடது பக்கம் வந்தாள். அமைதி.

ஓர் ஆள் அகலத்துக்கு... காற்றில்லாத இடம்.

அந்த இடம் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

வேகம் பதினெட்டு ஆனது. இருபத்தொன்று. அவள் அழுத்தி மிதிக்கவே இல்லை.

சத்தம் அப்போதுதான் கேட்டது.

டிக்... டிக்... டிக்...

மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருள விட்டால் பின்சக்கரம் போடுகிற சத்தம். தேவயானி மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் சக்கரம் சத்தம் போடவில்லை. சத்தம் முன்னாலிருந்து வந்தது. பின்னால் வருகிறவள் ஒட்டிக்கொள்ளட்டும் என்று யாரோ மிதிப்பதை நிறுத்தி நிறுத்திப் போகிற மாதிரி.

முழங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக.

அண்ணாந்து பார்த்தாள். மேகமே இல்லை.

அடுத்த சொட்டு உதட்டில் விழுந்தது.

உப்புக் கரித்தது.

பிரேக்கை அழுத்தினாள். அந்த இடமும் மெதுவாகியது. பத்துக்கு வந்தாள். அதுவும் பத்துக்கு வந்தது. அவளை விட்டுவிட்டுப் போகவில்லை.

"மதி... வேணாம் மதி."

டிக்... டிக்...

சட்டென்று காற்று அவளை அடித்தது. சைக்கிள் தள்ளாடியது. முன்னால் ஒன்றுமில்லை. வெறும் ரோடு.

மணி பார்த்தாள். 5.48.

எதிர்காற்றில் பின்னால் இருப்பவர் குரல் கேட்காது. அவள் எல்லோரிடமும் சொன்னது அதுதான். ஆனால் கேட்டது. தோளுக்குப் பக்கத்தில்.

"அக்கா..."

கால்கள் மிதித்தன. இதைச் சொல்லும்போதுதான் தேவயானி என் முன்னால் அழுதாள். "மறுபடியும் மிதிச்சேங்க. தெரிஞ்சும் மிதிச்சேன்."

"ரெண்டு நிமிஷம் நில்லுங்கக்கா..."

ஐம்பது அடி போயிருப்பாள்.

நின்றாள்.

திருப்பினாள்.

அந்த மரத்தடியில் யாரும் இல்லை. சருகு, செம்மண், உதிர்ந்த முந்திரிப் பழம். சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கேட்டுச்சு மதி. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. வேணும்னுதான் போனேன்."

பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது. வேகமாக, வறண்டு, நாய்க்கு இரைக்கிற மாதிரி. தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். நீட்டிய கை காற்றில் நின்றது. தண்ணீர் மண்ணில் கொட்டியது. தொடலாம் என்று பார்த்தாள். தொட எதுவும் இல்லை.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. இந்த முறை எழுந்திருக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

6.20 இருக்கும். பக்கத்தில் யாரோ மெல்லிய குரலில் பேசுவது போல... அவளிடம் இல்லை. வேறு யாரிடமோ. வார்த்தை பிடிபடவில்லை.

பிறகு மூச்சு மெதுவானது.

இருட்டத் தொடங்கியது.

6.44.

மூச்சு நின்றது.

7.05க்கு பைக் வெளிச்சம் வந்தது. செந்தில்நாதன். "மேடம், என்னாச்சு? இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காற்றை அல்ல, குரலை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதில் விழுந்ததையும், கடிகாரத்தைப் பார்த்ததையும். அவர் அவள் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினார். அப்புறம், "அவங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மந்தாரக்குப்பம் போனாள். வெண்மதியின் அம்மா கனகம் கதவைத் திறந்து நாற்காலி போட்டாள். தேவயானி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். கூப்பிட்டது கேட்டது, விட்டுவிட்டுப் போனேன், எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கனகம் குழப்பமாகப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்றீங்க. நீங்க அவகூடத்தான இருந்தீங்க."

"இல்லங்க. நான் போயிட்டேன்."

"சாவறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணா. ஆறு இருவதுக்கு. இன்னும் இந்தப் போன்ல இருக்குது, பாருங்க." கனகம் போனை நீட்டினாள். "'தல சுத்துச்சும்மா, உக்காந்துட்டேன். அக்கா திரும்பி வந்துட்டாங்க, பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்காங்க, நீ பயப்படாத'ன்னா."

தேவயானி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு இருபதுக்கு அவள் நெய்வேலியில், முத்திரை குத்தும் மேஜையை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏன் கூட இல்லவே இல்லன்னு சொன்னீங்கனு எனக்கு வெளங்கல. பெரிய வேலயில இருக்கறவங்க, ஏதோ பயந்துக்கினு சொல்றாங்கனு வாய மூடிக்கினேன். ஆனா ஒண்ணு மட்டும் ஒங்கள கேக்கணும்னு இருந்தேன். எம் பெரிய மவன் கொளஞ்சியப்பன் அன்னிக்கு வண்டிய எடுத்துக்கினு கெளம்பிட்டான். இருவது நிமிஷத்துல போயிருப்பான். அக்கா கூட இருக்காங்களாம், அவங்க பாத்துப்பாங்க, நீ போவாதடான்னு நாந்தான் நிறுத்துனேன். கூடவே உக்காந்துக்கினு இருந்தீங்களே... ஏம்மா யாரையும் கூப்புடல?"

தேவயானி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணும் சொன்னா," என்றாள் கனகம். "வெயில்ல பெனாத்துறானு வுட்டுட்டேன். 'அக்கா மஞ்ச சட்ட போட்டுக்கினு இருக்காங்கம்மா. அதுல எம் பேரு எழுதியிருக்குது'ன்னா."

வெண்மதி செத்த அன்று தேவயானி போட்டிருந்தது நீலச் சட்டை. முந்தின நாள் மரத்தடியில் அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டை, இந்த வருஷம் ஓட்டியவர்களுக்கெல்லாம் செந்தில்நாதன் கொடுத்தது. நெஞ்சில் வெண்மதியின் பெயர் அச்சடித்து, திருப்பூரிலிருந்து அது வந்து சேர்ந்ததே ஓட்டத்துக்கு நான்கு நாள் முன்னால்தான்.