ஆட்டுக்கால் சூப்பின் மேல் போட்ட பழி

குன்னூரில் சைக்கிள் பந்தய வீரர்களுக்கு நடந்த பயிற்சி முகாமில் நான் உதவிப் பயிற்சியாளன். வைட்டமின் என்று சொல்லி அவர்களுக்கு ஊக்கமருந்து ஊசி போட்டவன் நான்தான். ஒரு வீரன் சோதனையில் சிக்கியதும், சமையல் செய்யும் செல்வியக்காவின் ஆட்டுக்கால் சூப்பில்தான் மருந்து கலந்திருக்கிறது என்று நானும் தலைமைப் பயிற்சியாளரும் எழுதிக் கொடுத்தோம். எங்கள் யோக்கியதை அந்த லட்சணத்தில் இருந்தது.

விசாரணை அதிகாரி வந்த அன்று மழையும் குளிரும் வாட்டின. தன் மேல் பழி என்று செல்வியக்காவுக்குத் தெரியும். இருந்தும் வழக்கம்போலப் பதினோரு மணிக்கு எல்லோர் முன்னாலும் சூப்பை வைத்தார். தலைமைப் பயிற்சியாளர் உறிஞ்சிக் குடித்தார். நானும் ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா" என்றேன்.

அதிகாரி எங்கள் கடிதத்தை மேசைமேல் விரித்தார். "மருந்து கலந்த சூப்புன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்குங்க ரெண்டாவது கிண்ணம்?"

செல்வியக்கா என் கிண்ணத்தை நிரப்பினார். "குடிங்க சார். ஆட்டுக்காலும் மிளகுந்தானுங்க போட்டிருக்கேன்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். மனசாட்சி உறுத்தியதால் சொன்னேன் என்று பிறகு பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். அதுவும் பொய். பிடிபட்டேன், அவ்வளவுதான்.